குதிரை இல்லாத குதிரை நாவல்: பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்று நாவல்களை வெளியிடும் தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

பாண்டியர் காலத்துக் குதிரை வணிகத்தை வைத்து அண்மையில் வந்த நாவல் ஒன்றைப் படித்து முடித்தேன். அதன் பெயரையும் எழுதியவர் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. அது அவருடைய முதல் நாவல், உழைத்திருக்கிறார் என்பது தெரிகிறது, அவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. எனக்கு வருத்தம் உங்கள்மேல்தான். கைப்பிரதியாக இருந்தபோதே படித்தவர்கள் நீங்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள் நீங்கள், குதிரைகளின் உலகத்தை அசலாகக் காட்டுகிற நாவல் என்று பின்னட்டையில் போட்டவர்களும் நீங்கள். அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன். வெளியிட்டவர் உங்களில் ஒருவர் மட்டும்தான். அவரிடம் மட்டும் சொல்லவேண்டியது என்றால் தனியாகவே எழுதியிருப்பேன், ஆனால் எனக்குத் தெரிந்து நம் வரலாற்று நாவல்கள் பெரும்பாலானவற்றில் இதே குறை இருக்கிறது, அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். பெரும்பாலும் மாடும் ஆடும்தான் பார்க்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் கூப்பிட்டால் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுவேன், ஏனென்றால் குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. எனக்குக் குதிரை பிடிக்கும். அது என்னை மிதித்திருக்கிறது, கடித்திருக்கிறது, அப்படியும் பிடிக்கும். அதனால் இந்த நாவலை ஒரு விமர்சகராகப் படிக்கவில்லை, ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒரு வாசகராகத்தான் படித்தேன்.

இப்படி ஒரு நாவலுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதி, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், தாமிரபரணி கடலில் சேருமிடத்தில் காயல் துறைமுகம். அரபுக் கடலும் பாரசீக வளைகுடாவும் தாண்டி, ஹோர்மூஸ், கீஷ், ஏடன், தோபார் என்று எங்கிருந்தெல்லாமோ வருஷாவருஷம் குதிரைகள் வந்து இறங்குகின்றன. 1290களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, இங்கே ஐந்து அரசர்கள் என்றும், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2000க்கும் மேல் குதிரை வாங்குகிறார்கள் என்றும் எழுதிவைத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தன் பங்குக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்கிறார். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கொஞ்சம் மிகையாகவே இருக்கட்டும், பாதியாகக் குறைத்தாலும் அது எவ்வளவு பெரிய வியாபாரம் என்று யோசித்துப் பாருங்கள். கீஷ் தீவின் ஜமாலுதீன் தன் சொந்தக் குதிரைகளிலிருந்தே ஆண்டுக்கு 1400 அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்தார், அவருடைய தம்பி தகியுதீன் அப்துர் ரஹ்மான் பாண்டியன் அவையிலேயே அமைச்சர், காயல் உள்ளிட்ட துறைகள் அவர் கையில். விற்கிறவர் அண்ணன், வாங்குகிற அரசுக்கு அமைச்சர் தம்பி! ஒரு நாவலாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

சரி, நாவலில் என்ன இருக்கிறது? ஒரு வீரன், ஒரு வெள்ளைக்குதிரை, ஒரு அரண்மனைச் சதி, முத்துக்குளிப்பவர் மகள்மேல் காதல், கடைசியில் மாலிக் கபூர் படையெடுப்பு. முத்துக்குளிப்பு அத்தியாயம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மூச்சை அடக்கிக் கீழே போகிறவனின் காது வலிப்பதும், மேலே கயிறு பிடித்திருக்கும் மைத்துனன் எந்நேரமும் கயிற்றின் அசைவையே பார்த்துக்கொண்டிருப்பதும் யாரோ அனுபவப்பட்டவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியதாகத் தெரிகிறது. அதே ஆசிரியர் குதிரையிடம் வந்ததும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாவல் முழுக்கக் குதிரை ஒரு மோட்டார் சைக்கிளாக இருக்கிறது: ஏறுகிறார்கள், போகிறார்கள், இறங்குகிறார்கள், எங்கோ கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பசி, தாகம், பயம், சாணம், ஈ எதுவுமே இல்லை.

அந்த ராத்திரி சவாரியையே எடுத்துக்கொள்வோம், உங்கள் விளம்பரத்தில் எல்லாம் அதைத்தானே போட்டீர்கள். முந்தின நாள் கப்பலிலிருந்து இறங்கிய குதிரைமேல் கதாநாயகன் காயலில் ஏறி, எங்கும் நிற்காமல் நாலுகால் பாய்ச்சலில் விடிவதற்குள் மதுரை போய்ச் சேர்கிறான், அதே குதிரைமேல் அன்று காலையே சண்டையும் போடுகிறான். காயலிலிருந்து மதுரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். குதிரையால் இது முடியவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். கலிஃபோர்னியாவில் 1955லிருந்து டெவிஸ் கோப்பை என்று ஒரு பந்தயம் நடக்கிறது, 100 மைல் தூரத்தை, அதாவது சுமார் 160 கிலோமீட்டரை, மலைப்பாதையில் 24 மணி நேரத்துக்குள் கடக்கவேண்டும், அதில் அதிகம் ஜெயிப்பவை அரபுக் குதிரைகள்தான். ஆனால் அவை மாதக்கணக்காகப் பழக்கப்பட்டவை. வழியில் அங்கங்கே நிறுத்தி, மருத்துவர் நாடி பார்த்து, இதயத் துடிப்பு குறித்த அளவுக்கு இறங்கிய பிறகுதான் அடுத்த கட்டத்துக்கு விடுவார்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு நாற்பதைச் சுற்றி இருக்கிற துடிப்பு முழுப் பாய்ச்சலில் இருநூறைத் தாண்டிவிடும். அந்தப் பாய்ச்சலில் எந்தக் குதிரையும் சில கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. தூரம் போகிறவன் நடையும் பெருநடையும் மாறிமாறிப் போவான், இறங்கிக் கூடவே நடப்பான், தண்ணீர் காட்டுவான், குளம்பைத் தூக்கிக் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பான்.

வாரக்கணக்காகக் கப்பலில் நின்றே வந்து, தசை வற்றி, கால் வீங்கி இறங்கிய குதிரையை அப்படி ஓட்டினால் கோவில்பட்டி தாண்டுவதற்குள் அது விழுந்துவிடும். அது நாவலில் நடந்திருக்கலாமே! அவசரச் செய்தி கையில் இருக்கிறது, குதிரை வாயில் நுரை தள்ளுகிறது, இன்னும் ஒரு காதம் ஓட்டினால் செத்துவிடும் என்று தெரியும், ஓட்டாவிட்டால் செய்தி போய்ச் சேராது. அந்த இடத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் யார் என்று நமக்குத் தெரியும். உங்கள் நாவலில் அவனுக்கு அந்தச் சோதனையே வரவில்லை, ஏனென்றால் அவன் குதிரைக்குக் களைப்பே வருவதில்லை.

அப்புறம் அந்தக் கப்பல். ஒரே பத்தி, அதிலும் குதிரைகள் கரையைக் கண்டதும் துள்ளிக்குதித்து இறங்குகின்றன. அதுவும் ஆடி மாதத்தில். தென்மேற்குப் பருவக்காற்று அடித்து நொறுக்குகிற ஆனி ஆடியில் மேற்குக்கரைத் துறைகளே அடைத்துக் கிடக்கும், அந்த மாதத்தில் கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு குதிரைக் கப்பல் காயலுக்கு வந்தது என்றால், நெய்தல் நிலத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூடிவிடும். ஹோர்மூஸ் கப்பல்கள் எப்படி இருந்தன என்பதை மார்க்கோ போலோ பார்த்து எழுதியிருக்கிறார். இரும்பாணி கிடையாது, தேங்காய் நாரில் முறுக்கிய கயிற்றால் பலகைகளைத் தைத்திருப்பார்கள், ஒரே பாய்மரம், மேல்தளம் இல்லை. சரக்கை ஏற்றி அதன்மேல் தோல் விரித்து மூடி, அந்தத் தோலின் மேல்தான் குதிரைகளை நிறுத்துவார்கள். இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உப்புத் தண்ணீர் தெறித்து வழுக்குகிற தோல்மேல், அலைக்கு அலை சாய்கிற மரத்தில், அத்தனை கனமுள்ள மிருகம் நாலு குளம்பை ஊன்றி நாள்கணக்காக நிற்கிறது.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, அதன் உடலமைப்பு அப்படி. நின்றபடியே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தே ஆகவேண்டும், பல நாள் படுக்க இடமில்லாத குதிரை நின்றுகொண்டிருக்கும்போதே முழங்கால் மடங்கிச் சரியும். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 லிட்டர், வெயிலில் இன்னும் கூடும். 50 குதிரைக்கு ஒரு நாளைக்கு 1250 லிட்டர், முப்பது நாள் பயணம் என்று வைத்தாலே 37,500 லிட்டர் நல்ல தண்ணீர். காற்று ஒரு வாரம் நின்றுபோனால் என்ன ஆகும்? யாருக்குத் தண்ணீர், மனிதனுக்கா குதிரைக்கா? எந்தக் குதிரையை முதலில் கடலில் தள்ளுவது, அதை யார் தள்ளுவது, ஊரிலிருந்து அதை வளர்த்துக் கூடவே வந்த பையனா? கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் பணம் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தமே இருந்ததாக வஸ்ஸாஃப் சொல்கிறார். பிற்காலத்தில் விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மன், வழியில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் உயிருள்ள குதிரையின் விலையே கொடுத்தான் என்று போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதியிருக்கிறார். இத்தனையும் அச்சில் இருக்கிறது, தேடினால் கிடைக்கிறது. உங்கள் நாவலின் கப்பலில் ஒரு குதிரைகூடச் சாகவில்லை.

கரைக்கு வந்த பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. வாங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, அதனால்தான் அடுத்த ஆண்டும் அத்தனை வாங்கவேண்டியிருக்கிறது என்கிறார் மார்க்கோ போலோ. இங்கே குதிரைக்கு வேகவைத்த இறைச்சியும் சோறும் கொடுக்கிறார்கள் என்கிறார். வஸ்ஸாஃப் சொல்லும் தீனி வேறு: வறுத்த வாற்கோதுமை, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்து, பழக்காமல், கால் வைக்க அங்கவடிகூட இல்லாமல் திடீரென்று ஏறி வெறிபிடித்தவர்கள்போல ஓட்டுகிறார்கள், நல்ல குதிரையெல்லாம் சீக்கிரமே உருப்படாமல் போய்விடுகிறது என்று எழுதுகிறார். வெளியூர்க்காரர்கள் நம்மைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடத் தோன்றலாம். ஆனால் நான் தினம் பார்க்கிற நோய்களை வைத்துப் படித்தால் அந்த வரிகள் அப்படியே ஒரு நோயாளிச் சீட்டாக இருக்கின்றன.

புல் தின்னப் பிறந்த வயிறு அது. திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால் செரிக்காத பகுதி பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், வாயு கட்டும், குதிரை தரையில் விழுந்து புரளும், தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். அதில் பிழைத்தாலும் அப்படிப் புளித்ததில் உண்டான நஞ்சு ரத்தத்தில் ஏறிக் குளம்புக்குள் இருக்கிற மெல்லிய மடிப்புகளை அழற்றிவிடும், எலும்பு குளம்பின் சுவரைவிட்டுப் பிரியத் தொடங்கும். அப்படி ஆன குதிரை முன்கால்களை நீட்டி வைத்து, பின்கால்களில் கனத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கும், ஒரு அடி எடுத்துவைக்க அஞ்சும். நாற்பது நாள் கட்டிவைத்து ஊட்டிய குதிரையைத் திடீரென்று விரட்டினால் தொடைத்தசை கல்லாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஞாயிற்றுக்கிழமை முழுத் தீனியோடு ஓய்வில் நின்றுவிட்டுத் திங்கட்கிழமை பூட்டப்படும் வண்டிக்குதிரைகளுக்கு வந்ததால் ஐரோப்பாவில் அதைத் திங்கட்கிழமை நோய் என்றே சொன்னார்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் வெளிநாட்டுக் குதிரைகள் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுபோகும், வியர்வை நின்றால் உடம்பு கொதித்துச் சாகும். ஈ கடித்துப் பரவும் சர்ரா காய்ச்சல் வேறு இருக்கிறது. அதன் கிருமியை 1880இல், இன்று பாகிஸ்தானில் இருக்கிற தேரா இஸ்மாயில் கான் என்ற ஊரில், கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடிக்கும்வரை குதிரைகள் ஏன் மெலிந்து மெலிந்து சாகின்றன என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. இந்த நாட்டில் நல்ல பெட்டையை நல்ல ஆண்குதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஏறமுடியாத சின்னக் குட்டிதான் பிறக்கிறது என்கிறார் மார்க்கோ போலோ. அரிசியும் தவிடுமாகத் தின்கிற குதிரைக்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகுந்து சுண்ணாம்புச்சத்து குறைந்து எலும்பு கெடும், இது இன்றைக்கும் உள்ளது. அந்தக் குட்டிகளின் கால் கோணியதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. இத்தனைக்கும் நம் ஊரில் கொள்ளு விளைந்தது, அறுகு இருந்தது. அரசன் லாயத்தில் விலையுயர்ந்த குதிரைக்கு விலையுயர்ந்த தீனிதான் போடவேண்டும் என்று யாரோ அன்போடு நினைத்துத்தான் பாலும் நெய்யும் ஊட்டியிருப்பார்கள். தான் அன்போடு ஊட்டியதே குதிரையைக் கொல்கிறது என்று தெரியாத ஒரு லாயக்காரர், வருஷாவருஷம் புதுக் குதிரைகளுக்குப் பெயர் வைத்து, வருஷாவருஷம் புதைக்கிறார். இந்த மனிதரை நான் நாவல் முழுக்கத் தேடினேன். லாயம் என்று ஒரு இடம் வருகிறது, அங்கே காதலர்கள் சந்திக்கிறார்கள், அவ்வளவுதான்.

லாடக்காரரையும் தேடினேன். குதிரை வணிகர்கள் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களைத் தங்களோடு கூட்டிவரமாட்டார்கள், வேறு யாரையும் இங்கே வரவும் விடமாட்டார்கள், குதிரைகள் சாகச்சாக அவர்களுக்கு லாபம் என்று மார்க்கோ போலோ வெளிப்படையாகச் சொல்கிறார். அந்த ஒரு செய்தியில் ஒரு முழு நாவல் அடங்கியிருக்கிறது. ஏடனிலோ ஹோர்மூஸிலோ லாடம் அடிக்கிற ஒருவன், வைத்தியம் தெரிந்தவன், தன் கையால் வளர்த்த குதிரைகளுக்குக் காயலில் என்ன நேர்கிறது என்று கேள்விப்பட்டு, கப்பலில் ஒளிந்து வந்து இறங்கினால் என்ன ஆகும்? தகியுதீன் அவனை விடுவாரா? அண்ணனின் வியாபாரமா, தான் அமைச்சராக இருக்கிற அரசா என்று அவருக்கே ஒரு நெருக்கடி வந்திருக்காதா? உங்கள் நாவலில் அரபு வணிகர்கள் எல்லோரும் தாடியும் கத்தியுமாக ஒரே அச்சில் வார்த்த வில்லன்கள். குதிரையைக் கவனித்திருந்தால் அந்த மனிதர்களையும் கவனித்திருக்க முடியும், ஏனென்றால் அவர்களுடைய ஆசை, தந்திரம், பாசம், குற்றம் எல்லாமே அந்த மிருகத்தைச் சுற்றித்தான் நடந்தன.

சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். கதாநாயகனின் குதிரை பால்வெள்ளைக் குட்டியாகப் பிறக்கிறது. அரபுக் குதிரைகளில் நாம் வெள்ளை என்று பார்ப்பவை பெரும்பாலும் கருப்பாகவோ செந்நிறமாகவோ பிறந்து, வருஷம் போகப்போக நரைத்து வெளுப்பவை. வடக்கே நுக்ரா என்கிற வெள்ளைக்குதிரைகள் பிறவியிலேயே வெளுப்புதான், ஆனால் கதையில் வருவது அரபுக் குதிரை என்று ஆசிரியரே சொல்கிறார். கருப்புக் குட்டியாக வந்தது அவன் கண்முன்னே வெளுத்துக்கொண்டே போவது எவ்வளவு அழகான காலக்கணக்கு, அதை விட்டுவிட்டாரே என்றுதான் எனக்கு ஆற்றாமை. அப்புறம், குதிரை பக்கத்துக்குப் பக்கம் கனைக்கிறது. உண்மையில் அது அதிகம் சத்தம் போடாத மிருகம், பேச்சு முழுக்கக் காதில்தான். காது முன்னால் குவிந்தால் எதையோ கவனிக்கிறது, பின்னால் படிந்தால் ஒதுங்கிக்கொள்ளவேண்டும், ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் திரும்பினால் குழப்பத்தில் இருக்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, மற்றபடி கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும். அதனால் பழகியவர்கள் தோள் பக்கமாகத்தான், குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். நாவலில் எல்லோரும் பின்னாலிருந்து ஓடிவந்து தாவி ஏறுகிறார்கள், ஒருவர்கூட உதை வாங்கவில்லை.

சந்தை அத்தியாயத்தில் குதிரையின் கண்ணைப் பார்த்தே கதாநாயகன் வாங்கிவிடுகிறான். பல்லைப் பிடித்து வயசு பார்க்காமல், சுழி சுத்தமா என்று தடவிப் பார்க்காமல், நடக்கவிட்டு ஓடவிட்டுப் பார்க்காமல் நம் பக்கத்தில் மட்டக்குதிரையைக்கூட யாரும் வாங்கமாட்டார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்றிருந்தால் போதும், அந்த அத்தியாயம் தானாகவே மாறியிருக்கும். நமக்கு இது புதுசும் இல்லை. பட்டினப்பாலையிலேயே கடல்வழி வந்த குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்குகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் கதையே பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் தொடங்குவதுதானே? திருவிளையாடற் புராணத்தில் இறைவனே குதிரை வணிகராக வந்து, குதிரை லட்சணம் சொல்லி, கயிறு மாற்றிக் கொடுக்கிறார். சந்தையில் இன்றும் கயிறு மாறினால்தான் மாடு கை மாறியதாகக் கணக்கு. புராணம் எழுதியவருக்குச் சந்தை தெரிந்திருக்கிறது. இன்று எழுதுகிறவருக்கும் அதைப் பதிப்பிக்கிறவருக்கும் தெரியவேண்டாமா?

புனைவுதானே, இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா என்று உங்களில் சிலர் சொல்வீர்கள், ஏற்கெனவே ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். இல்லாத இளவரசியைப் படைக்கட்டும், நடக்காத சதியை நடத்தட்டும், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் நான் மேலே கேட்ட எதுவும் அடிக்குறிப்புப் போட்டுத் திருத்தவேண்டிய தகவல் பிழை இல்லை, ஒவ்வொன்றும் எழுதப்படாமல் போன ஒரு காட்சி. குதிரைக்குக் களைப்பு இல்லாததால் அந்த ராத்திரியில் பதற்றம் இல்லை. கப்பலில் தாகம் இல்லாததால் கடல் வெறும் நீலத் திரையாக நிற்கிறது. 1311இல் மாலிக் கபூர் இங்கிருந்து 512 யானைகளையும் 5000 குதிரைகளையும் கொண்டுபோனதாக டெல்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதினார். இந்த நாவலின் முடிவில் மதுரை எரிகிறது, யானைகள் பிளிறுகின்றன, கதாநாயகன் அழுகிறான், அத்தனை பக்கம் கூடவே வந்த குதிரைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். ஆசிரியர் மறந்துவிட்டார், சரி, எழுதும் வேகத்தில் நடக்கும். அதை நினைவுபடுத்தத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்?

ஒரு சட்டக் கதை எழுதினால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுகிறீர்கள். கல்வெட்டு வந்தால் கல்வெட்டு அறிஞரிடம் கேட்கிறீர்கள். குதிரை என்றால் மட்டும் ஏன் யாரையும் கேட்கத் தோன்றவில்லை? பழனி, கொடைக்கானல், ஊட்டி, சென்னைக் கடற்கரை என்று எத்தனையோ இடங்களில் குதிரை வைத்தே பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டால் எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொல்வார்கள், சொல்ல ஆசையாகவும் இருப்பார்கள், இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. சென்னை வேப்பேரியில் 1903லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அட்டை ஓவியருக்கு ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்கள் இருக்கின்றன, பாய்கிற குதிரையின் கழுத்துத் தசை எப்படி முறுக்கேறும் என்று கல்லிலேயே பார்க்கலாம். நீங்கள் அட்டையில் போட்டிருப்பது ஃப்ரீசியன், கணுக்காலில் மயிர் தொங்குகிற நெதர்லாந்துக் குதிரை. அரபுக் குதிரைக்கு முகம் குழிந்து, வால் தூக்கி நிற்கும். வாசகர் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மறுபதிப்பு வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் மூன்று காரியம் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். கப்பல் காட்சியையும் ராத்திரி சவாரியையும் ஆசிரியரிடம் திரும்பக் கொடுத்து, அவகாசமும் கொடுத்து, மறுபடி எழுதச் சொல்லுங்கள். முத்துக்குளிப்பை அப்படி எழுதியவரால் இதையும் எழுத முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதுவதற்கு முன் அவரை ஏதாவது ஒரு லாயத்துக்கு அனுப்புங்கள், ஒரு வாரம் அங்கே சாணம் அள்ளட்டும், தண்ணீர் காட்டட்டும், ராத்திரி தங்கட்டும், அந்தச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். மூன்றாவது, கடைசி அத்தியாயத்தில் அந்தக் குதிரைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லச் சொல்லுங்கள். திருத்திய கைப்பிரதியை எனக்கு அனுப்பினால் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். ஆசிரியருக்கு நேரில் பார்க்கவேண்டும் என்றால் அடுத்த ஆடிச் சந்தைக்கு நான் அந்தியூரில் இருப்பேன், கூடவே அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு கால்நடை மருத்துவர்